பஸ்ஸுக்கு ஒரு கித்தார்

அப்பாசாமிக்கு மலாய் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இருபத்தாறு வருஷமாக மலாக்காவில் இருக்கிறவர். ஒரு பஸ்ஸைப் பற்றி மலாயில் என்னென்ன சொல்ல வேண்டுமோ எல்லாம் சொல்வார். ஏறு, இறங்கு, தள்ளி நில், மணியடி, மெதுவாகப் போ. வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு ஊரே சொல்கிற ‘கோஸ்தான்’ என்ற சொல்லை மற்றவர்களைவிட உரக்கச் சொல்வார். பஸ்ஸுக்கு வெளியே இருக்கிற உலகத்தைப் பற்றி மலாயில் பேச அவருக்கு வேளை வரவில்லை, அவ்வளவுதான்.

ஊரில் காஜா பேராங் என்ற பகுதியில், பஸ் கம்பெனியின் பட்டறையில், அவர் பாடி கட்டுகிற தச்சர். இஞ்சினும் சக்கரமும் கப்பலில் வந்து இறங்கும். அதற்கு மேலே தரை, கூரை, இருக்கை, ஜன்னல், நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பம் எல்லாம் அவர் கைவேலை. பதினாறு வயதில் மானாமதுரைப் பக்கமிருந்து பெரியப்பாவோடு வந்தவர், திரும்பிப் போக நேரமில்லாமல் இங்கேயே கல்யாணமும் செய்துகொண்டார். பேச்சு குறைவு, கை மட்டும் சும்மா இராது. கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பதற்கு முன்னால் பந்தல்காலை ஆட்டிப் பார்ப்பார். ஒரு தடவை கோயில் தேரின் அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வருஷம்கூடத் தாங்காது என்று சொன்னார். ஏழு வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை.

இப்படியே காலம் போயிருக்கும். அடையாள அட்டைக்கு இரண்டு நிறம் வந்ததுதான் வினை. குடிமக்களுக்கு நீலம், மற்றவர்களுக்குச் சிவப்பு. மனைவி கமலவேணி இங்கே பிறந்தவள், நீலம். மகள் கோகிலாவும் அப்படியே. வீட்டிலேயே சிவப்பு அட்டை அப்பாசாமிக்கு மட்டும். வருஷக் கடைசிக்குள் நீல அட்டை காட்டாதவர்களுக்கு வேலை நிரந்தரமில்லை என்று கம்பெனியில் பேச்சு அடிபட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்கு இருந்தது. சிவப்பு அட்டைக்காரனை ஒருநாள் கப்பலேற்றி அனுப்பிவிட்டால், மனைவியும் மகளும் கரையில் நிற்பார்கள். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கமலவேணியும் தனக்கிருந்த அதே பயத்தைச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள்.

குடியுரிமைக்கு மலாயில் வாய்மொழிப் பரீட்சை. 1962 மார்ச் மாதம் போனார். அதிகாரி வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி, தன்மையான மனிதர். பெயர் கேட்டார், சொன்னார். ஊரில் ஓடும் ஆற்றைப் பற்றிக் கேட்டார். அப்பாசாமி அந்த ஆற்றுப் பாலத்தில் பஸ் எந்தக் கியரில் ஏறும் என்பதைச் சொன்னார். கடைசியாக அதிகாரி, மெர்டேக்கா என்றால் என்ன, உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள் என்றார்.

சுதந்திரம் என்பதற்கு அப்பாசாமியிடம் சொந்த வார்த்தை இருந்தது. ஆனால் அதெல்லாம் பட்டறை வார்த்தை.

“பாஸ் சூடா ஜாலான், துவான். கோஸ்தான் தா போலே” என்றார். பஸ் கிளம்பிவிட்டது ஐயா, இனிப் பின்னால் எடுக்க முடியாது.

அதிகாரி எதையோ எழுதினார். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேறவில்லை, ஆகஸ்டில் மறுபடி வரலாம்.

பரீட்சையில் அவர் என்ன சொன்னார் என்பதைக் கமலவேணி அன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறுநாள் அவர் தட்டில் இரண்டாம் தரம் சோறு போட்டுவிட்டு, அவர் போதும் என்று கையைக் காட்டினதும், “கோஸ்தான் தா போலே” என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது புழக்கத்துக்கு வந்துவிட்டது. வாங்கின மீன் நாறினாலும் அதுதான், துவைக்கப் போட்ட சட்டையை அவர் திருப்பிக் கேட்டாலும் அதுதான்.

கம்பெனி ஆபீசில் கருணாகரன் என்று ஒரு கிராணி, கணக்கு எழுதுகிறவர், இருந்தார். கம்போங் செட்டி என்ற செட்டிக் கிராமத்துக்காரர். நெற்றியில் விபூதி, வீட்டுக்குப் பின்னால் குடும்பக் கோயில், பேரும் நம் ஊர்ப் பேர். வாயைத் திறந்தால் மலாய். செட்டிகள் மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கிறவர்கள், தமிழை எப்போதோ இறக்கி வைத்துவிட்டார்கள். அப்பாசாமி பரீட்சையில் விழுந்தது பட்டறைக்கே தெரிந்த செய்தி. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கிராணி அவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு காகிதப் பை. மலாயில் நீளமாகப் பேசினார். கமலவேணி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

“ஒங்களுக்கு மலாய் சொல்லிக் குடுக்கிறாராம். ஆகஸ்டுக்குள்ள பேச வெச்சிருவாராம். அதுக்குப் பதிலா நீங்க அவருக்கு ஒரு கித்தார் செஞ்சி தரணுமாம்.”

“கித்தாரா? நானா?”

கமலவேணி கேட்டாள். கிராணி சொன்னார். “கித்தார் பாஸ்.”

“பஸ்ஸுக்குக் கித்தாராம்” என்றாள் கமலவேணி.

மலாயில் பஸ்ஸுக்கும் ‘பாஸ்’தான், தாழ்ந்த சுருதிக்கும் ‘பாஸ்’தான். பஸ் கம்பெனி கிராணி, பஸ் கட்டுகிற தச்சரிடம் வந்து அப்படிச் சொன்னால் வேறு எதை நினைப்பது? பஸ்ஸுக்கு எதற்குக் கித்தார் என்று அப்பாசாமி மனசுக்குள் கேட்டுக்கொண்டார். பதிலும் அவரே சொல்லிக்கொண்டார். மெர்டேக்கா ஊர்வலம். கம்பெனி ஒரு பஸ்ஸை அலங்கரித்து விடும், அதில் நின்று பாடுவார்கள். கிராணி ஆகஸ்டு முப்பத்தொன்று, சுதந்திர நாள், என்று வேறு சொன்னார். சரியாகப் பொருந்தியது.

பையில் நாலு தடித்த தந்தி, நாலு முறுக்காணி, மெட்டுகள் பதிக்க வேண்டிய இடங்களைக் கடைக்காரர் கீறிக் கொடுத்த ஒரு தாள் பட்டை, சோப்புக் கட்டி அளவில் ஒரு காந்தப் பெட்டி, எல்லாம் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. தந்தி அதிர்வதை அந்தப் பெட்டிதான் வாங்கி ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்புமாம். அதற்குப் பெயர் பிக்கப். பட்டறையில் பிக்கப் என்றால் சாமான் ஏற்றுகிற சின்ன லாரி. அப்பாசாமி கேள்வி கேட்கவில்லை. பஸ் சம்பந்தப்பட்ட வேலைதான் என்று இன்னும் உறுதியாகிவிட்டது. மாதிரிக்கு ஒரு பத்திரிகைப் படமும் இருந்தது. படத்தில் ஒருவன் கித்தாரை அணைத்துக்கொண்டு நின்றான். பிக்கப் இருக்கிற இடத்தை அவனுடைய வலது கை மறைத்திருந்தது. கழுத்தின் பின்பக்கம் எப்படி இருக்கும் என்பது, படம் முன்னாலிருந்து எடுத்தது என்பதால், தெரியாது.

ஆறு வாரத்தில் முடித்தார். உடம்புக்கு மெராந்தி மரம். கம்பெனிச் சிவப்பும் பாலாடை நிறமும் இரண்டு பூச்சு. விளிம்பு முழுக்க அலுமினியப் பட்டி. தரையோடு சேர்த்து முறுக்க அடியில் இரண்டு இரும்புக் கால். பிக்கப்பைத் தந்திகள் முடியும் கடைசியில், தந்திகளைத் தாங்குகிற பாலத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பஸ்ஸில் கனமான எதுவும் பின்னச்சுக்கு மேலேதான் உட்கார வேண்டும். கழுத்துதான் அவர் பெருமைப்பட்ட இடம். ஓடுகிற பஸ்ஸில் நின்று வாசிக்கிறவர் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது? அதனால் கழுத்தைக் கைப்பிடிக் கம்பம் போலவே ஒன்றரை அங்குல உருளையாகக் கடைந்திருந்தார். பிரேக் அடித்தாலும் கை நழுவாது.

கருணாகரன் வந்து பார்த்தார். அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இரும்புக் கால்களைக் குனிந்து பார்த்தார். பிறகு கமலவேணியிடம் இது எதற்கு என்று கேட்டார். அவள் சொன்னாள். கிராணி தன் தொண்டையைத் தொட்டு, அடிவயிற்றிலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு சத்தம் எழுப்பி, “பாஸ்” என்றார். தெருவில் போன ஒரு பஸ்ஸைக் காட்டித் தலையை ஆட்டினார்.

“நான் அப்பவே சொன்னனே, தாழ்ந்த சுருதின்னு” என்றாள் கமலவேணி. சொல்லவில்லை. இன்றுவரை ஒத்துக்கொள்ளவும் இல்லை.

அப்பாசாமிக்குக் காது மடல் சுட்டது. வெட்கம் ஒரு பங்கு, பயம் மூன்று பங்கு. கித்தார் இல்லையென்றால் பாடம் இல்லை. பாடம் இல்லையென்றால் ஆகஸ்டு இல்லை. கருணாகரன் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் சிரித்தார், ஆனால் போகவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார், கித்தாரையும் எடுத்துக்கொண்டு. கால் இல்லாமல்.

வாசிக்கப் போவது கிராணியின் தங்கை சந்திரமதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, சின்ன உருவம், சின்னக் கை, பெரிய புருவம். அவர்கள் பாட்டுக் குழுவில் முன்வரிசைக் கித்தாருக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். பாஸ் யாருக்கும் வேண்டாம். எனக்கு வேண்டும் என்று அவள் சொன்னாள். ஒலிபெருக்கியோடு ஒயரைச் சேர்த்து முதல் தந்தியைத் தட்டினாள். ‘டிங்’ என்றது. எவர்சில்வர் தம்ளரில் கரண்டி பட்டது போல மெலிசாக, கறாராக. பிறகு கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனாள். விரல்கள் தடித்த தந்தியைத் தொடுவதற்கு முன்பே அவளுடைய கை முடிந்துவிட்டது.

“இனி லேஹேர் கே, தியாங்?” என்றாள். இது கழுத்தா, தூணா?

அன்றைக்கு அப்பாசாமி கற்ற முதல் இரண்டு வார்த்தைகள் அவை. கருணாகரன் புத்தகம் வைத்துச் சொல்லிக்கொடுக்கிற ஆளில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாமான் கிடந்தது. அதைப் பற்றிப் பேசினார்கள். தடிமன், மெலிசு, சத்தம், நடு, ஓரம், கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பிக்கப்பைப் பெயர்த்து, உடம்பின் மறு கோடியில், கழுத்து முடிகிற இடத்தில் இன்னொரு குழி வெட்டி வைத்தார். இப்போது சத்தம் அடிவயிற்றிலிருந்து வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தபோது ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கட்டில் நகர்த்துகிறார்கள் என்றுதான் தோன்றியது.

அப்பாசாமி மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் வேலைக்கு பஸ்ஸில் போகும்போது, தான் எப்போதும் எங்கே உட்காருகிறோம் என்று கவனித்தார். பின் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்தால் சின்னச் சின்னதாக, கடினமாகக் குத்தும். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்கார்ந்தால் நன்றாக ஆட்டும், ஆனால் எந்தப் பள்ளம் என்று தெரியாது. அவர் இடம் பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னால் உள்ள வரிசை. ஆட்டமும் உண்டு, ஒவ்வொரு பள்ளமும் தனித்தனியாகத் தெரியும். தந்திக்கும் இரண்டு பக்கம் முட்டு, நடுவில் ஆட்டம். பட்டறை வாசலில் இறங்கும்போதே மூன்றாவது குழியைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அதே பஸ்ஸில் சந்திரமதியும் எக்ஸ்சேஞ்சுக்குப் போவாள். அவள் கம்பத்தைப் பிடிப்பதில்லை. முன்னிருக்கையின் முதுகுச் சட்டத்தைத்தான் பிடிப்பாள். நாலு விரல் மேலே, கட்டை விரல் பின்னால் அமுங்கி. அந்தச் சட்டத்தையும் செய்தவர் அப்பாசாமிதான். அதன் முதுகு தட்டையாக, தோள் சரிந்து இருக்கும். அவர் மூன்று நாள் காலையில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு போனார். நாலாம் நாளுக்குள் கண்டக்டர் மூலம் விஷயம் கமலவேணிக்கு எட்டிவிட்டது.

“அந்தப் பொண்ணு கையில என்னா அப்பிடிப் பாக்கறீங்க?”

“கட்டவெரல.”

“கட்டவெரல்ல என்னா இருக்கு?”

“பின்னாடி வெக்கிது வேணி. கம்பத்துல அதுக்கு எடமே இல்ல. முதுகு தட்டையா இருந்தாத்தான் விரல் அந்தப் பக்கம் எட்டும்.”

கமலவேணி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்த மனிதர் பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்வார் என்று முடிவு செய்து, சோறு போட்டாள்.

கழுத்தின் பின்பக்கத்தை இழைத்துத் தட்டையாக்கினார், தோள்களைச் சரித்தார். ஆசை அடங்காமல் இன்னும் இழைத்தார். ராத்திரி கட்டிவைத்த நாலு தந்தியும் சேர்ந்து இழுத்து, காலையில் கழுத்து வில்லாக வளைந்திருந்தது. அன்று ஜூலை பதினாலு. அப்பாசாமி தலையில் கை வைத்துக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணில் தூசி விழுந்ததாக அவரே சொன்னார். பிறகு புதுக் கட்டை எடுத்து, நடுவில் காடி வெட்டி, பஸ் ஜன்னல் சட்டத்துக்கு வைக்கிற இரும்புப் பட்டையை உள்ளே படுக்கவைத்து மூடி, முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை இருக்கைச் சட்டத்தின் அளவு எதுவோ அதோடு நிறுத்திக்கொண்டார்.

சந்திரமதி பிடித்துப் பார்த்தாள். கட்டை விரல் பின்னால் போய் உட்கார்ந்தது. விரல்கள் தடித்த தந்தியைத் தாண்டியும் போயின. தட்டினாள். சத்தம் தாழ்வாக, முழுசாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. அவள் இரண்டு மணி நேரம் அதைக் கீழே வைக்கவே இல்லை. முதல் இரண்டு குழிகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. ஒன்றை மரம் வைத்து அடைத்தார். மற்றதன்மேல் பட்டறையில் மிச்சமிருந்த ஒரு தகட்டை ஆணி வைத்து இறுக்கினார். நாலு மொழியில் ‘எச்சில் துப்பாதீர்’ என்று எழுதியிருந்த தகடு. கம்போங் செட்டியில் அந்தக் கித்தார் மேல் இருந்த தமிழ் எழுத்தைப் படிக்க ஆள் கிடையாது. எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

ஆகஸ்டு இரண்டாம் வாரம் பரீட்சை. அதே அதிகாரி, அதே கண்ணாடி. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அப்பாசாமி மலாயில் ஆரம்பித்தார். பஸ் கட்டுகிறேன், கித்தாரும் கட்டினேன், கழுத்து தூணாக இருந்தது, இப்போது இல்லை, சத்தம் ஓரத்தில் மெலிசு, நடுவில் குழப்பம், நான் வைத்த இடம் வேறு. ஏழு நிமிஷம் நிறுத்தாமல் பேசினார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அப்பாசாமி, கருணாகரனைப் போலவே, ஆற்றை ‘சுங்கை’ என்று சொல்லாமல் ‘சுங்கே’ என்றார், கறுப்பை ‘ஹித்தாம்’ என்னாமல் ‘இத்தாம்’ என்றார்.

“நீங்கள் செட்டியா?” என்று அதிகாரி கேட்டார். “உங்கள் ஆட்கள் என் பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்து இங்கே இருக்கிறார்களே. நீங்கள் எதற்கு மனுப் போட்டீர்கள்?”

அப்பாசாமிக்கு அரை நிமிஷம் ஆசையாக இருந்தது. ஒரு தலையாட்டில் பரம்பரை மலாக்காக்காரன் ஆகிவிடலாம். ஆனால் மேஜைமேல் அவருடைய சிவப்பு அட்டை கிடந்தது, பிறந்த இடத்தோடு.

“இல்லை துவான். நான் கப்பலில் வந்தவன். இந்தப் பேச்சுதான் செட்டிகளுடையது. சனிக்கிழமைகளில் வாங்கியது.”

அதிகாரி தாள்களைப் புரட்டினார். மெர்டேக்கா என்றால் என்ன என்று கேட்டார். கருணாகரன் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்வித்த ஐந்து வாக்கியங்களை, ஒரு எழுத்துப் பிசகாமல், அப்பாசாமி சொல்லி முடித்தார். அதிகாரி டிக் போட்டார்.

“போன தடவை வேறு பதில் சொன்னீர்கள்” என்றார்.

அப்பாசாமி மேஜைமேல் கிடந்த சிவப்பு அட்டையைப் பார்த்தார்.

“நல்ல பதில். வீட்டில் என் மனைவியிடம்கூடச் சொன்னேன். ஆனால் அது இரண்டே இரண்டு வாக்கியம். குறைந்தது ஐந்து வாக்கியமாவது கேட்டுவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட வேண்டும்.”

கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டு இருபத்தொன்பது, தேறிவிட்டதாகக் கடிதம் வந்தது. சத்தியப் பிரமாணம் அடுத்த மாதம், அதன் பிறகு நீல அட்டை. கமலவேணி கடிதத்தை வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பிறகு அதை எடுத்து அரிசி டின்னுக்குள் வைத்தாள். பிறகு அங்கிருந்தும் எடுத்தாள். கடைசியில் எங்கே வைத்தாள் என்று அவரிடம் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் திடலில் மேடை. பலகை அடித்த நீள பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அப்பாசாமி உட்காரும் முன் பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். கம்போங் செட்டிக் குழு மேலே வந்தது. முன்வரிசைக் கித்தார்கள் பளபளத்தன. சந்திரமதி ஓரத்தில், சிவப்பும் பாலாடையுமாக ஒன்றை மாட்டிக்கொண்டு, எச்சில் துப்பாதீர் என்று கூட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றாள்.

“ஒங்க கித்தார் சத்தம் எது? எனக்கு ஒண்ணும் கேக்கலயே” என்றாள் கமலவேணி.

“பெஞ்சில கை வெச்சுப் பாரு.”

வைத்தாள். பலகை அதிர்ந்தது. ஒவ்வொன்றாக, தனித்தனியாக, பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை. பாட்டு முடிந்து கூட்டம் கைதட்டிய பிறகும் எடுக்கவில்லை. முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“என்னாங்க.”

“ம்.”

“இனிமே ஒங்கள யாரும் கோஸ்தான் பண்ண முடியாதில்ல?”

ஐந்து மாதமாகச் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்கிறது என்பது அப்பாசாமிக்கு அப்போதுதான் தெரிந்தது.

“முடியாது வேணி. பஸ் கெளம்பிருச்சு.”

மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் கையைப் பிடித்தே பழக்கமில்லாத கமலவேணி, பெஞ்சுமேல் கிடந்த அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். நாலு விரல் மேலே, கட்டை விரல் பின்னால்.